எந்தத் தண்ணீருக்கு எந்தச் சாயம்

வீட்டிலேயே நூலுக்கும் துணிக்கும் சாயம் போட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் எந்தச் சாயப்பொடி நல்லது, எந்தக் கடையில் கிடைக்கும் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். தொண்டி முதல் மூக்கையூர் வரை நீளும் எங்கள் இராமநாதபுரம் கடற்கரையில் அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. சாயம் போடப் போகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஒரே தெருவில் ஒரு வீட்டுக் கிணறு குடிக்கும்படி இருக்கும், பத்து வீடு தள்ளி இன்னொரு கிணறு வாயில் வைக்க முடியாதபடி உவர்க்கும். ஆழ்துளைக் குழாயில் வருவது ஒரு தன்மை, ஊருணியில் தேங்கியது ஒரு தன்மை, காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் வருவது வேறொரு தன்மை. தனுஷ்கோடி மணலில் கையால் பள்ளம் பறித்தால் இருபுறமும் கடல் இருக்க நடுவில் நல்ல தண்ணீர் ஊறி வருகிறது. இத்தனை வகைத் தண்ணீரும் சாயத்தோடு ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

பரமக்குடிக்கு எதிர்க்கரையில் வைகையை ஒட்டியுள்ள எமனேஸ்வரம் நெசவாளர் ஊர். அங்கே நூல் வாங்கப் போனபோது, வாழ்நாள் முழுவதும் சிட்டா என்னும் நூற்கழிகளுக்குச் சாயம் போட்டு இப்போது ஓய்ந்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் எந்தச் சாயம் போடலாம் என்று யோசனை கேட்டேன். அவர் நூலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"தண்ணி எங்கே எடுக்கிறீங்க அம்மா?" என்றார்.

"வீட்டுக் கிணறுதான் ஐயா. கொஞ்சம் உப்பு."

"அப்போ நூலை இங்கேயே வச்சுட்டுப் போங்க. முதல்ல ஒரு செம்பு தண்ணியக் கொண்டாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்."

தண்ணீரைப் பார்ப்பதற்கு அவர் சொல்லித்தந்த முறைகளுக்கு ஆய்வகம் தேவையில்லை. ஒரு தெளிவான கண்ணாடிக் குவளையில் பாதியளவு தண்ணீர் எடுத்து, சலவைக்கட்டியைச் சீவிப் போட்டுக் குலுக்க வேண்டும். நுரை திரண்டு நின்றால் மென்னீர். நுரை எழாமல் மேலே தயிர்த்திரி போலப் பிரிந்து மிதந்தால் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்த கடின நீர். அதே தண்ணீரை ஒரு பாத்திரத்தில் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்தால், கடினத்தில் ஒரு பகுதி வெள்ளைப் படிவாக அடியில் தங்கிவிடும். தங்கிய பின்னும் நுரை எழவில்லையென்றால் கொதிக்கவைத்துத் தீராத கடினம் அது என்று தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கொட்டை நீக்கிய கடுக்காயை இடித்து ஊறவைத்து வடிகட்டினால் இளமஞ்சள் நிறத்தில் துவர்ப்பான சாறு கிடைக்கும். சோதிக்க வேண்டிய தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி அந்தச் சாற்றில் நான்கைந்து சொட்டு விட வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. சொட்டு விழுந்த இடத்திலிருந்து மஞ்சள் இழையாக இறங்கும், கலையும், அவ்வளவுதான் என்று தோன்றும். தண்ணீரில் இரும்பு இருந்தால் சற்று நேரத்தில் அந்த இழையின் ஓரம் மங்கும், பிறகு கிண்ணம் முழுவதும் சாம்பல் பூத்து, இரும்பு அதிகமானால் நீலங்கலந்த கருமைக்கே போய்விடும். ஆழ்துளைக் குழாய்த் தண்ணீரில் இதை அடிக்கடி பார்க்கிறேன். வாயில் ஊற்றினால் இனிக்கிற தண்ணீர்கூட இந்தச் சோதனையில் கறுத்துவிடுவதுண்டு. கறுத்த தண்ணீரில் மஞ்சளோ சிவப்போ துலங்காது. சாம்பலும் கறுப்பும் வேண்டுமானால் அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

துவர்ப்பைக் கொண்டு நூலைப் பதப்படுத்துவது இந்தக் கரைக்குப் புதியதன்று. நைலான் வருவதற்கு முன் வலைகள் பருத்தி நூலிலும் சணல் போன்ற நார்களிலும்தான் பின்னப்பட்டன. ஈரத்திலேயே கிடக்கும் பருத்தியை நுண்ணுயிர்கள் தின்று இற்றுப்போகச் செய்யும் என்பதால், பனிச்சங்காய்ச் சாற்றிலும் மரப்பட்டைக் கசாயத்திலும் வலையை ஊறவைத்து உலர்த்தும் வழக்கம் கடலோரமெங்கும் இருந்தது. அந்தச் செம்பழுப்பு நிறம் அழகுக்காக ஏற்றியதன்று, நூலின் ஆயுளுக்காக ஏற்றியது. கடுக்காயிலும் அந்தப் பட்டைச் சாற்றிலும் வேலை செய்வது டானின் என்ற துவர்ப்புப்பொருள்தான். கடலுக்குப் போகிறவர் வீட்டில் வலைக்குச் செய்ததையும் நெசவாளர் வீட்டில் பாவுக்குச் செய்ததையும் தனித்தனி அறிவாக நாம் பிரித்து வைத்துவிட்டோம் என்பது என் வருத்தம்.

இனி வேலைக்கு வருவோம். மில்லிலிருந்து வருகிற வெளுக்காத பருத்தி நூலில் மெழுகும் பசையும் உண்டு, அதைத் தண்ணீரில் போட்டால் முங்காமல் மிதக்கும். 1 கிலோ நூலுக்கு 25 முதல் 30 கிராம் சலவைச் சோடாவும் கொஞ்சம் சோப்பும் கரைத்து ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்கவைத்தால் தண்ணீர் பழுப்பாகி, நூல் தானாக அடியில் இறங்கும். உலர்ந்த நூலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது உருண்டு நிற்காமல் உடனே உள்ளே போக வேண்டும். போகவில்லையென்றால் மறுபடியும் கொதிக்கவைப்பதைத் தவிர வழியில்லை, இந்த இடத்தில் காட்டும் அவசரம் பின்னால் திட்டுத்திட்டாகத் தெரியும். சலவைத் தொழிலாளர் ஒருகாலத்தில் இதே வேலைக்கு உவர்மண்ணைப் பயன்படுத்தினார்கள். அதிலுள்ள காரமும் சோடாதான்.

நூலைக் கோனாக வாங்குவதைவிடச் சிட்டாவாக வாங்குவது சாயத்துக்கு வசதி. ஒரு சிட்டா என்பது 840 கஜம், 40-ஆம் நம்பர் நூல் என்றால் 40 சிட்டா சேர்ந்து 1 பவுண்டு எடை. நம்பர் கூடக் கூட நூல் மெலியும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் 20-ஆம் நம்பரிலோ 40-ஆம் நம்பரிலோ தொடங்கினால் சிக்கு விழுந்தாலும் பிரித்தெடுக்கலாம். சிட்டாவை நான்கு இடத்தில் எட்டு வடிவமாகக் கட்டு போட வேண்டும். கட்டு இறுக்கமாக இருந்தால் அந்த இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளையாக நிற்கும்.

சந்தையில் இப்போது எளிதாகக் கிடைப்பவை ரியாக்டிவ் சாயங்கள். 1956-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் புரோசியான் என்ற பெயரில் அவற்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை இருந்த பல சாயங்கள் இழையின்மேல் ஒட்டியோ உள்ளே தங்கியோ நின்றன. இவையோ பருத்தியின் செல்லுலோசோடு வேதிப் பிணைப்பே ஏற்படுத்திக்கொள்கின்றன. அதனால்தான் துவைத்தாலும் போகாத பளிச்சென்ற நிறம் கிடைக்கிறது. இந்தச் சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலை நோக்கித் தள்ளுவதற்கு உப்பு வேண்டும், தள்ளிய பின் பிணைப்பதற்குச் சோடா வேண்டும். 1 கிலோ நூலுக்கு 20 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், நடுத்தர நிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராம் வீதம் 1 கிலோ உப்பும், 10 கிராம் வீதம் 200 கிராம் சோடாவும் ஆகும்.

உப்புதானே வேண்டும், கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, ஒரு குடம் கடல்நீர் எடுத்தால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, ஏனென்றால் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. ஆனால் அந்த 35 கிராமும் சோற்றுப்பாகிய சோடியம் குளோரைடு அன்று. அதில் மக்னீசியம் சுமார் 1.3 கிராமும் கால்சியம் 0.4 கிராமும் அடங்கும். சோடாவைப் போட்ட மறுகணம் இவை இரண்டும் வெண்மையாகத் திரிந்து நூலின்மேல் படிகின்றன. சாயத்தோடும் சேர்ந்து அதைக் கரையவிடாமல் கெட்டியாக்குகின்றன. நிறம் மங்கும், கை வைத்தால் நூல் சொரசொரக்கும். கடல்நீருக்குச் சொன்னது, குறைந்த அளவில், உவர்க்கிணற்றுக்கும் பொருந்தும். வாலிநோக்கத்து உப்பளங்கள் பக்கத்தில் இருந்தாலும், சாயத்துக்கு வாங்கும்போது ஈரம் கசியாத சுத்திகரித்த உப்பையே வாங்க வேண்டும். கசிகிற உப்பில் மக்னீசியம் இருக்கிறது என்று பொருள். கடினத்தைக் கட்டிப்போடச் சாயப்பட்டறைகளில் கால்கன் தூள் சேர்ப்பதுண்டு. வீட்டில் அதைவிட எளிய வழி, ரியாக்டிவ் சாயத்துக்கு மழைநீரையோ காவிரிக் குழாய்த் தண்ணீரையோ ஒதுக்கிவிடுவது.

எனக்கு இந்தச் சாயத்தின்மேல் உள்ள தயக்கம் நிறத்தைப் பற்றியதன்று, அந்த 1 கிலோ உப்பைப் பற்றியது. நூலுக்குள் உப்பு தங்குவதில்லை, தள்ளிவிட்ட வேலை முடிந்ததும் முழுவதும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடுகிறது. 1 கிலோ நூலுக்கு 1 கிலோ உப்பைக் கொல்லையில் ஊற்றுகிறோம். ஏற்கெனவே கடல்நீர் நிலத்தடிக்கு ஏறி, ஒரு குடம் நல்ல தண்ணீருக்காகப் பெண்கள் குடங்களை அடுக்கித் தள்ளுவண்டி தள்ளிப் போகிற ஊரில் இதைச் செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. திருப்பூரில் சாயக்கழிவு நொய்யலை என்ன செய்தது என்பதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலை வந்ததும் நமக்குத் தெரியும். வீட்டில் போடும் ஒரு கிலோவையும் அங்கே ஓடிய தொழிற்சாலைகளையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் நம் கொல்லையில் இறங்கும் உப்பு நம் கிணற்றுக்குத்தான் போகிறது.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பனையோலைக் கொட்டானுக்கும் கோரைப்பாய்க்கும் போடுகிற சாயப்பொடிகள் நம் ஊர்க் கடைகளில் சிறுசிறு பொட்டலமாகக் கிடைக்கின்றன, விலையும் குறைவு, நிறமோ கண்ணைப் பறிக்கும். அவற்றில் பல பேசிக் சாயங்கள் என்ற வகையைச் சேர்ந்தவை. ஓலையிலும் கோரையிலும் நன்றாகப் பிடிக்கும் இவை வெறும் பருத்தியில் நிலைப்பதில்லை. துவைக்கத் துவைக்க ஓடும், வெயிலில் வெளுக்கும். ஓலை முடைகிற அக்காமார் கைதேர்ந்து போடும் சாயம் அவர்கள் பொருளுக்கு ஏற்றது, சேலைக்கு ஏற்றதன்று.

நம் தண்ணீருக்கு ஏற்ற சாயம் எது என்று கேட்டால் நான் சாயவேர் என்றுதான் சொல்வேன். சித்த மருத்துவர்கள் இம்பூறல் என்று சொல்வதும் இதைத்தான், தாவரவியலில் ஆல்டன்லாண்டியா அம்பெல்லாட்டா. சாணளவுக்குக் குறைவாக மணலில் படர்ந்து, ஒடுங்கிய இலையும் சின்னஞ்சிறு வெள்ளைப் பூவுமாக இருக்கும் இந்தச் செடியைத் தெரியாதவர்கள் மிதித்துக்கொண்டே போய்விடுவார்கள். பெருமையெல்லாம் மண்ணுக்குள் இருக்கிறது. மெல்லிய வேர் ஆழமாக நேரே இறங்கும். அதன் தோலில்தான் அலிசரின் என்ற சிவப்புச் சாயப்பொருள் இருக்கிறது. உள்தண்டில் அவ்வளவாக ஒன்றுமில்லை. விரலில் ஈரச் சுண்ணாம்பைத் தொட்டு வேரைத் தேய்த்தால் செம்மையும் ஊதாவுமாகக் கறை பிடிக்கும், அதுவே வேர் தேறியதா என்று பார்க்கும் வழி.

சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணிகள் உலகெங்கும் பெயர் வாங்கியது இந்த வேரால்தான். தனுஷ்கோடியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மன்னார்த் தீவிலும் யாழ்ப்பாணத்திலும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி சாயவேர் தோண்டுவதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது. மதுரைச் சாயக்காரர்கள் வேர்ச்சிவப்புக்குப் பேர் போனவர்கள், வைகைத் தண்ணீர் பட்டால்தான் அந்தச் சிவப்பு துலங்கும் என்று நம்பியவர்கள். அந்த வைகை நம் மாவட்டத்துக்குள் வந்து, இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பிவிட்டு, மிஞ்சினால் அழகன்குளத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை என்ற ஊரருகே கடலைச் சேர்கிறது. 1868-இல் ஜெர்மனியில் கிரேபும் லீபர்மனும் அலிசரினைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார்கள். அதற்குப் பின் வந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செயற்கைச் சாயம் விலையில் வேரை வென்றது, தோண்டுகிற தொழில் படிப்படியாகத் தேய்ந்தது.

தண்ணீரைப் பற்றிய மதுரைக்காரர்களின் நம்பிக்கையை வெறும் ஊர்ப்பெருமை என்று தள்ளிவிட முடியாது. படிகாரத்தின் அலுமினியமும் தண்ணீரின் கால்சியமும் அலிசரினோடு ஒன்றாகக் கூடும்போதுதான் நல்ல சிவப்பு பிறக்கிறது. கால்சியமே இல்லாத தண்ணீரில் அதே வேர், அதே படிகாரம், அதே நூல் இருந்தும் செங்கல் கலந்த மந்தமான நிறம்தான் வரும். ஐரோப்பாவில் மஞ்சிட்டி இனத்து வேரால் சாயம் போட்டவர்களும் மென்னீராக இருந்தால் சுண்ணாம்புத் தூளைக் கலந்துகொண்டார்கள். சாயவேர்ச் செடியும் சிப்பி நொறுங்கிய கடற்கரை மணலில்தான் செழிக்கும். மற்றப் பல சாயங்களுக்குக் குற்றமாக நிற்கிற நம் கிணற்றின் சுண்ணாம்பு, இந்த ஒரு சாயத்துக்குக் குணமாகிவிடுகிறது. அதனால்தான் நமக்கு மென்னீர் இல்லையே என்று ஏங்குகிறவர்களிடம், இருக்கிற தண்ணீர் எதைக் கேட்கிறது என்று பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஆனாலும் வேலை முழுவதையும் கிணற்றுத் தண்ணீரில் செய்துவிட முடியாது. படிகாரம் காரத்தன்மையுள்ள தண்ணீரில் விழுந்தால் பஞ்சு போலத் திரிந்துவிடும், கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கப் படிகாரம் போடுவதும் இந்தக் குணத்தை நம்பித்தான். திரிந்த படிகாரம் நூலுக்குள் போகாது, மேலே தங்கிக் கழுவும்போது உதிரும். ஆகவே கடுக்காய்க்கும் படிகாரத்துக்கும் மழைநீர், வேர் கொதிக்கும் தொட்டிக்குக் கிணற்றுநீர் என்று இரண்டு தண்ணீரை வைத்துக்கொள்வதே நான் கைக்கொண்டிருக்கும் முறை. 1 கிலோ நூலுக்கு 200 கிராம் கடுக்காய்த் தூளை மழைநீரில் ஊறவைத்து வடிகட்டி, அதில் நூலை ஓரிரவு போட்டுவைத்துப் பிழிந்து உலர்த்த வேண்டும். நூல் வைக்கோல் மஞ்சளாக மாறியிருக்கும். பிறகு 200 கிராம் படிகாரத்தை வெதுவெதுப்பான மழைநீரில் கரைத்து மறுபடியும் ஓரிரவு ஊறவைத்து, கழுவாமல் பிழிந்து, நிழலில் இரண்டு மூன்று நாள் உலரவிட வேண்டும். அந்த நாள்களில்தான் அலுமினியம் இழையைப் பற்றிக்கொள்கிறது. வேர்த்தொட்டிக்குப் போகுமுன் ஒருமுறை மெல்ல அலசினால் போதும்.

வேர் நூலின் எடைக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும், கூட இருந்தால் இன்னும் நல்லது. இடித்த வேரைக் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்தால் தண்ணீர் முதலில் மங்கலான மஞ்சளாகத்தான் தெரியும், அதைப் பார்த்து மனம் தளரக் கூடாது. தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதே நூலைக் கோலில் மாட்டித் தொங்கவிட்டு, சீமைக்கருவேல விறகை ஒவ்வொன்றாகத் தள்ளிச் சூட்டை மெல்ல ஏற்ற வேண்டும். கோலைத் திருப்பித் திருப்பி நூலைப் புரட்டிக்கொண்டே இருந்தால், தண்ணீரில் விரல் வைக்க முடிகிற சூட்டில் வைக்கோல் மஞ்சளுக்கு ஓர் இளஞ்சிவப்பு ஏறும். விரல் வைக்க முடியாத சூட்டில் அது செம்மணியாகும். கொதி வரும் நேரத்தில் தொட்டியின் தண்ணீர் தெளியத் தொடங்கி, சிவப்பெல்லாம் நூலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். தண்ணீரில் இருந்த நிறம் குறையக் குறைய நூலில் கூடுவதை அருகில் நின்று பார்க்கிற நேரத்துக்காகவே இத்தனை நாள் வேலையையும் செய்யலாம் என்று எனக்குத் தோன்றும். ஆறும்வரை நூலைத் தொட்டியிலேயே விட்டுவிட வேண்டும். பொறுமையுள்ளவர்கள் படிகாரத்துக்கு முன்னால் நல்லெண்ணெயும் காரச்சாம்பல் நீரும் கலந்து பால் போலாகும் கரைசலில் நூலைப் பல நாள் தோய்த்து உலர்த்திப் பழைய முறையில் இன்னும் ஆழ்ந்த சிவப்பைப் பெறலாம். உப்பங்கழி ஓரம் வளரும் உமரிச் செடியை எரித்த சாம்பலில் சோடா மிகுதி என்பதால் இந்த வேலைக்கு அது பொருத்தமானது.

வேருக்காகக் கடற்கரையில் தானாக முளைத்த செடிகளைப் பிடுங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மணலைப் பிடித்து வைத்திருப்பவை இந்தச் சிறு செடிகள்தாம், வேருக்காகத் தோண்டினால் செடியே போய்விடுகிறது. விதை சேகரித்து, ஆழமான பையில் மணலும் சிப்பித்தூளும் கலந்து வளர்த்தால் இரண்டு ஆண்டில் வேர் முற்றும். கொஞ்சம்தான் கிடைக்கும். முந்தானைக்கோ கரைக்கோ வேண்டிய நூலுக்கு அந்தக் கொஞ்சம் போதும்.

இரும்புள்ள தண்ணீர் வாய்த்தவர்களுக்குக் கறுப்பு காத்திருக்கிறது. துருப்பிடித்த ஆணியையும் பழைய லாடத்தையும் மண்பானையில் போட்டு, கருப்பட்டியைக் கரைத்து ஊற்றி, வாய்க்குத் துணி கட்டி இரண்டு மூன்று வாரம் புளிக்கவைத்தால் இரும்புச்சாறு தயாராகும். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி இதற்கு மிகவும் தோதானது. கடுக்காய் ஏறிய நூலை இந்தச் சாற்றில் முக்கியெடுத்தால் கண்முன்னே கறுக்கும். சீமைக்கருவேலம்பட்டையிலும் துவர்ப்பு உண்டு, கடுக்காய்க்குப் பதில் அதைக் கொதிக்கவைத்தால் சாம்பல் கலந்த பழுப்பு கிடைக்கும். இந்த மாவட்டத்தில் அந்த மரத்துக்குப் பஞ்சமில்லை. இரும்புச்சாறு அதிகமானால் பருத்தி நாளடைவில் இற்றுவிடும் என்பதால் அளவாகவே பயன்படுத்த வேண்டும். மயில்துத்தத்தை மட்டும் வீட்டில் சேர்க்கவே வேண்டாம், அது நஞ்சு.

நீலத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் அது தனிக் கட்டுரையாகிவிடும். அவுரி இலையிலிருந்து எடுத்த நீலக்கட்டி தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்துப் புளிக்கவைத்தால் தொட்டி மஞ்சள் கலந்த பச்சையாகி, மேலே செம்பு நிறத்தில் ஏடு படரும். அப்போது முக்கியெடுத்த நூல் பச்சையாக வெளிவந்து காற்றில் நீலமாக மாறும். தொட்டிக்கே சுண்ணாம்பு போடுவதால் தண்ணீரின் கடினம் நீலத்தை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை என்பது நமக்குச் சாதகம். இலையாக வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் பக்கத்துச் சந்தையில் அவுரி என்ற பெயரிலேயே நிலாவரை இலையும் விற்கப்படுகிறது. மஞ்சள் பூப்பூக்கும் அந்தச் செடியின் இலையில் நீலம் கிடையாது, பேதிமருந்துதான் கிடைக்கும்.

இத்தனைக்கும் தண்ணீர் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்த்துவிடுவது நல்லது. கொதிக்கவைக்க, கடுக்காய்க்கு, படிகாரத்துக்கு, சாயத்துக்கு என்று நான்கு தொட்டி, தொட்டிக்கு 20 லிட்டர். இடையிடையே அலசுவதற்கு இன்னும் மூன்று நான்கு முறை. 1 கிலோ நூலுக்கு 150 லிட்டர் எளிதில் போய்விடும். இந்த மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழைதான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். ஆனால் 20 சதுர மீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தாலே 1,000 லிட்டர் கிடைக்கிறது. முதல் மழையில் மாடியின் தூசும் உப்புப்படிவும் கழுவிப் போகட்டும், அடுத்த மழையிலிருந்து பிடித்து மூடிய தொட்டியில் வைத்தால் வைகாசி வரைக்கும் கடுக்காய்க்கும் படிகாரத்துக்கும் தட்டுப்பாடு இருக்காது. ஒரு சிட்டாவின் கடைசி அலசல் அடுத்த சிட்டாவின் முதல் அலசலாகட்டும். கடுக்காய்த் தண்ணீரையும் வேர்த்தண்ணீரையும் ஆறவைத்துத் தென்னைக்கு ஊற்றலாம். படிகாரத் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு கலந்து தெளியவைத்த பிறகு ஊற்ற வேண்டும். எதையும் கண்மாயிலோ ஊருணியிலோ சேர்க்கக் கூடாது.

உலர்த்துவதற்கும் காலம் பார்க்க வேண்டும். கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கிற மாதங்களில் நிழலில் போட்ட நூலும் மாலைக்குள் சலசலவென்று காய்ந்துவிடும், வாடைக் காலத்தில் கடற்காற்றின் உப்பீரம் நூலில் ஏறி, காய்ந்ததும் காயாததுமாக நாள் கணக்கில் கிடக்கும். படிகாரம் ஏறிய நூலை அந்தக் காலத்தில் உலர்த்த நான் துணிவதில்லை. வீட்டுக்குள் கொடி கட்டி உலர்த்துகிறவர்களும் கடல் பார்த்த சன்னலைச் சாத்திவைப்பது நல்லது.

ஒரு சேலைக்கோ ஒரு ஜோடி வேட்டிக்கோ வேண்டிய நூல் முழுவதற்கும் ஒரே நாளில், ஒரே தொட்டித் தண்ணீரில் சாயம் போடுங்கள். அதே கிணறுதான் என்றாலும் கோடையில் அதன் உவர்ப்புக் கூடும், மழைக்குப் பின் குறையும். பங்குனியில் போட்ட சிவப்பும் தையில் போட்ட சிவப்பும் தறியில் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் வரி வரியாகத் தெரிந்துவிடும். ஒவ்வொரு சிட்டாவின் கட்டிலும் ஒரு துண்டு அட்டையில் எந்தக் கிணறு, எந்த மாதம், எவ்வளவு வேர் என்று பென்சிலால் எழுதித் தொங்கவிட்டு நெசவுக்குக் கொடுத்தால், நெய்கிறவர் ஒத்த நிறங்களை நீளவாட்டில் ஓடும் பாவில் ஒன்றாகச் சேர்த்து, சற்று வேறுபட்டதைக் குறுக்கே ஓடும் ஊடைக்கு ஒதுக்கிக்கொள்வார். மையால் எழுதினால் ஈரம் பட்டவுடன் நூலில் ஊறிவிடும்.